மெருகும் காப்பும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஸ்டுட்கார்ட்டுக்கு அருகே ஒரு சிற்றூரில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரிடமிருந்து 1992ஆம் வருடத்து மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை வாங்கினேன். சிவப்பு நிறம், இரண்டே இருக்கைகள், கையால் மடக்கிப் பின்னால் தள்ளும் துணிக்கூரை. போர்ஷேக்களின் ஊரில் அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எனக்கு அது போதும். கல்லூரி விடுதிச் சுவரில் ஒட்டிவைத்திருந்த கார் படத்துக்கு மிக அருகில் என் சம்பளம் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் அதுதான்.

சாவியைத் தருவதற்கு முன் அந்த மனிதர் என்னைக் காரைச் சுற்றி அழைத்துப்போனார். ஒவ்வொரு கீறலாகக் காட்டினார். பானெட்டின் முன்விளிம்பில் கல் தெறித்த புள்ளிகள்: ஆல்ப்ஸ் மலைப்பாதையில் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட நாளில் வந்தவை. டிக்கியின் பூட்டைச் சுற்றி அரைவட்டமாகச் சில கோடுகள்: சாவிக்கொத்தில் தொங்கிய மற்ற சாவிகள் உரசியவை. ஓட்டுநர் பக்கக் கதவின் மேல்விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மங்கல்: கூரையைத் திறந்து ஓட்டும்போது இடது முழங்கையை அங்கேதான் வைத்துக்கொள்வாராம். இருபத்தைந்து கோடைகாலங்கள். அவருடைய வட்டார ஜெர்மனில் பாதிதான் எனக்குப் புரிந்தது. தலையாட்டிக்கொண்டே மொபைலில் குறித்துக்கொண்டேன். மொத்தம் பதினோரு இடங்கள். என் தொழிலில் இதற்குப் பெயர் பக் லிஸ்ட்.

என்னோடு வேலை பார்க்கும் மதுரைக்காரன் ஒருவனுக்குக் கார் பாலிஷ்தான் பொழுதுபோக்கு. இயந்திரம், பஞ்சுப் பட்டைகள், எல்இடி விளக்கு, பெயின்ட்டின் தடிமன் பார்க்கும் மீட்டர் எல்லாம் சொந்தமாக வைத்திருக்கிறான். "மச்சி, ரெண்டு நாள் எங்கிட்ட விடு. ஷோரூம்ல இருந்து இறக்கின மாதிரி ஆக்கிடலாம்" என்றான். ஞாயிற்றுக்கிழமை சத்தம் போட முடியாத நாடு. வெள்ளி மாலையும் சனி முழுதும் நிலத்தடிக் கராஜில் உட்கார்ந்தோம். முதல் பட்டையைக் கழற்றியபோது அது ரத்தச் சிவப்பாக இருந்தது. நான் பதறிப்போய் என்னடா இது என்றேன்.

"பெயின்ட்டுதான். உன் வண்டில மேல கிளியர் கோட் கிடையாது. அதான் கலரே வருது."

சனி இரவு கார் கண்ணாடிபோல் நின்றது. கல் தெறித்த புள்ளிகளில் டச்-அப் பெயின்ட் வைத்துத் தேய்த்துச் சமமாக்கியிருந்தோம். சாவிக்கோடுகள் இல்லை. முழங்கை மங்கல் இல்லை. எழுந்து மூடும் முகப்பு விளக்கின் மூடியில் மட்டும், விளிம்போரத்தில், நகக்கண் அளவுக்குச் சாம்பல் நிறம் தெரிந்தது. நான் இயந்திரத்தை ஒரு நொடி அதிகமாக அழுத்தியதில் பெயின்ட் முழுதும் போய் அடியிலிருந்த ப்ரைமர் எட்டிப்பார்த்தது. அதை விட்டால் பதினோரு பக்கும் குளோஸ்டு. அன்றிரவு நான் பெற்ற மகிழ்ச்சி உண்மையானது. அதற்குப் பிறகு வந்த சங்கடமும் உண்மையானது. இந்தக் கட்டுரை அந்தச் சங்கடத்தைப் பற்றியது. குறையற்ற பளபளப்பு என்ற அழகியலை நாம் ஏன் இவ்வளவு எளிதாக நம்புகிறோம், அது நம்மிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்ற கேள்வி.

*

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். இன்றைய கார் ஒன்றின் மேல் நாம் பார்க்கும் நிறம் ஒற்றை அடுக்கு அல்ல. உலோகத்தின்மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன்மேல் ப்ரைமர், அதன்மேல் நிறம், கடைசியாக நிறமே இல்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்த்துச் சுமார் 100 முதல் 150 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கிளியர் கோட் மட்டும் ஏறத்தாழ 40 மைக்ரான், ஒரு தலைமுடியின் குறுக்களவைவிடக் குறைவு. சூரியனின் புறஊதாக் கதிரை நிறத்தின்மேல் விழாமல் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்கள் இருப்பது அந்த அடுக்கில்தான். லட்சக்கணக்கான யூரோ கொடுத்து வாங்கும் காரின் 'தோற்றம்' என்று நாம் சொல்வது இந்த முடியளவு பிளாஸ்டிக்கில் இருக்கிறது.

அதில் கீறல் விழுகிறது. பாலிஷ் போடுகிறோம். கீறல் மறைகிறது. எங்கே போனது? எங்கும் போகவில்லை. பாலிஷ் குழம்பில் இருப்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்ஸைடின் நுண்துகள். உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் அதே பொருள், இன்னும் நுண்ணியதாக. அது கீறலை நிரப்புவதில்லை. கீறலைச் சுற்றியிருக்கும் பரப்பு முழுவதையும் கீறலின் ஆழம்வரை தேய்த்துக் கீழே இறக்குகிறது. எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்தபிறகு கீறல் என்று தனியாக எதுவும் இல்லை. ஒரு தெருவில் ஒரு வீடு மட்டும் பள்ளத்தில் இருப்பது உறுத்துகிறது என்பதற்காகத் தெரு முழுவதையும் வெட்டித் தாழ்த்துவதைப் போன்றது இது.

ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் போகும். போனது திரும்ப வராது. என் நண்பனின் மீட்டர் அதற்காகத்தான். இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் பாஸ்புக் அது. வரவே இல்லாத, செலவு மட்டும் உள்ள கணக்கு.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். பாலிஷ் உலகம் அதிகம் பயப்படுவது 'ஸ்வர்ல்' என்னும் சுழல்கோடுகளுக்கு. வெயிலில் நிற்கும் கறுப்புக் காரில் சூரியனைச் சுற்றிச் சிலந்திவலைபோல் தெரியுமே, அது. உண்மையில் பெரும்பாலும் அங்கே வட்டமான கீறல் எதுவும் இல்லை. கழுவும் துணியும் தூசியும் போட்ட நுண்கீறல்கள் எல்லாத் திசையிலும் நேர்கோடுகளாகக் கிடக்கின்றன. அவற்றில் ஒளிவரும் திசைக்குக் குறுக்காகக் கிடப்பவை மட்டும் மின்னுகின்றன. அதனால் விளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறது. நீங்கள் இரண்டடி நகர்ந்தால் வட்டமும் உங்களோடு நகரும். பழகிய எவர்சில்வர் தட்டை டியூப்லைட்டுக்கு அடியில் பிடித்தால் வீட்டிலேயே பார்க்கலாம். வட்டம் பெயின்ட்டில் இல்லை. விளக்குக்கும் கண்ணுக்கும் இடையில் இருக்கிறது. ஆனால் அதைப் போக்குவதற்கு நாம் தேய்ப்பது பெயின்ட்டை.

*

ஒரு அழகியலை விமர்சிக்க அதன் மொழியைப் பார்ப்பது நல்ல வழி. டீட்டெய்லிங் தொழில் தான் செய்வதை 'பெயின்ட் கரெக்‌ஷன்' என்கிறது. திருத்தம். அப்படியென்றால் அதுவரை இருந்தது பிழை. முப்பது வருடம் ஒருவர் ஓட்டியதால் காரில் சேர்ந்த எல்லாமே இந்தச் சொல்லின் கணக்கில் எழுத்துப்பிழைகள். நானும் அதைத்தான் பக் லிஸ்ட் என்று எழுதினேன். சொல் வேறு, பார்வை ஒன்று.

அடுத்தது '9ஹெச்'. செராமிக் கோட்டிங் விற்பவர்கள் எல்லோரும் சொல்லும் எண். கேட்பவர் மனதில் உடனே கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோல் வருகிறது. அதில் வைரம் 10. அப்படியானால் 9 என்றால் வைரத்துக்கு அடுத்தது! உண்மையில் இது பென்சில் சோதனை. 9பி முதல் 9ஹெச் வரை உள்ள பென்சில்களால் பூச்சின்மேல் கோடிழுத்து, எந்தப் பென்சில் வரை கீறல் விழவில்லை என்று பார்ப்பது. மிகக் கடினமான பென்சிலும் கீறவில்லை என்பதுதான் 9ஹெச் சொல்லும் மொத்தச் செய்தி. சாலையில் பறக்கும் மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், மோஸ் கணக்கில் 7. பென்சில் முனை அதன் பக்கத்தில் வெண்ணெய். ஒரு மைக்ரான் அளவுக்கே உள்ள பூச்சை ஒரு எண்ணால் கவசமாக்கியிருக்கிறார்கள்.

மூன்றாவது எனக்குப் பிடித்தது: தாமரை. கோட்டிங் போட்ட பானெட்டில் நீர் முத்து முத்தாக உருளும் வீடியோக்களுக்குக் கீழே 'லோட்டஸ் எஃபெக்ட்' என்று போட்டிருக்கும். தாமரை இலைத் தண்ணீர் நமக்குப் புதிதில்லை. ஒட்டாத உறவைச் சொல்ல நம் பாட்டிகள் பயன்படுத்தும் உவமை. ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் அதை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து விளக்கினார். 1997இல் வெளியான ஆய்வு மிகவும் புகழ்பெற்றது. அவர் கண்டது வழவழப்பை அல்ல. தாமரை இலையின் பரப்பு நுண்ணிய மேடுகளால் நிறைந்தது, அவற்றின்மேல் இன்னும் நுண்ணிய மெழுகுப் படிகங்கள். அந்தக் கரடுமுரடுதான் நீரைத் தூக்கிப் பிடிக்கிறது. நீர்த்துளி இலையைத் தொடும் இடம் மிகக் குறைவு என்பதால் தூசியையும் சுருட்டிக்கொண்டு ஓடுகிறது. தாமரை இலை பளபளப்பதில்லை என்பதைக் குளக்கரையில் நின்ற யாரும் அறிவார்கள். சாம்பல் பூத்த பச்சை அது. தூய்மைக்கும் பளபளப்புக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு இயற்கை வைத்த சாட்சியையே பளபளப்பின் விளம்பரமாக்கியிருக்கிறார்கள்.

*

ஸ்போர்ட்ஸ் காரின் தொன்மம் பளபளப்பில் தொடங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதன் மிகப் புகழ்பெற்ற பெயின்ட் கதை பெயின்ட்டைச் சுரண்டி எறிந்த கதை. 1934 ஜூன், நூர்பர்க்ரிங். பந்தயத்துக்கு முந்தைய நாள் மெர்சிடிஸ் டபிள்யூ 25 கார் 750 கிலோ வரம்பைவிட ஒரு கிலோ கூடுதலாக இருந்ததாகவும், இரவோடு இரவாக வெள்ளைப் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்ததாகவும், அடியிலிருந்த அலுமினியத்தின் நிறமே 'வெள்ளி அம்பு' என்ற பெயருக்குக் காரணம் என்றும் அணியின் மேலாளர் ஆல்ஃப்ரெட் நாய்பாவர் பின்னாளில் எழுதினார். வரலாற்றாய்வாளர்கள் பலர் இதை நம்புவதில்லை. அந்தப் பந்தயத்துக்கு அந்த எடைவிதியே பொருந்தாது என்கிறார்கள். கதை பொய்யாகவே இருக்கட்டும். பொய்க்கதைகளில்தான் ஒரு கூட்டத்தின் ஆசை தெளிவாகத் தெரியும். அன்று ஆசை வேகத்தின்மேல் இருந்தது. பெயின்ட் அதற்குக் குறுக்கே நின்ற சுமை.

1979இல் ஆண்டி வார்ஹோல் பிஎம்டபிள்யூவின் எம்1 பந்தயக் காருக்கு வண்ணம் பூசினார். அவருக்கு முன் வந்தவர்கள் சிறிய மாதிரியில் வடிவமைத்துத் தர, மற்றவர்கள் காரில் தீட்டினார்கள். வார்ஹோல் காரின்மேலேயே, தன் கையால், அரைமணி நேரத்துக்குள் தீட்டி முடித்தார். படத்தில் பார்த்தாலே தெரியும், தூரிகை இழுத்த தடங்கள் அப்படியே இருக்கின்றன. ஒரு டீட்டெய்லரிடம் அந்தக் காரைக் கொடுத்தால் அவர் முதலில் செய்ய நினைப்பது அந்தத் தடங்களைச் சமப்படுத்துவதாக இருக்கும். அதே வருடம் அந்தக் கார் ல மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடி ஆறாவதாக வந்தது. கலைப்பொருளாக இருந்துகொண்டே கல்லடியும் பட்டது.

இந்த இரண்டுக்கும் எதிர்முனையில் இருப்பது பெப்பிள் பீச். கலிஃபோர்னியாவில் கடலோர கோல்ஃப் புல்வெளியில் 1950 முதல் நடக்கும் பழங்கார் அழகுப்போட்டி. 1955இல், பின்னாளில் ஃபார்முலா 1 சாம்பியனான ஃபில் ஹில், தான் புதுப்பித்த 1931ஆம் வருடத்து பியர்ஸ்-ஆரோவுடன் வந்து வென்றார். போருக்கு முந்தைய கார் ஒன்று அங்கே உச்சப் பரிசை வாங்கியது அதுவே முதல்முறை. அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு அந்தப் புல்வெளி புதுப்பித்தலின் உச்சியாக இருந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில்கூட இல்லாத பளபளப்பை அந்தக் கார்களுக்கு ஏற்றினார்கள். நடக்காத ஒரு பிறந்தநாளை ஒவ்வொரு ஆகஸ்டிலும் கொண்டாடுவதுபோல.

2024இல் அது மாறியது. புதுப்பிக்கப்படாத கார் ஒன்று முதன்முறையாக உச்சப் பரிசை வென்றது. 1934ஆம் வருடத்து புகாட்டி டைப் 59. பந்தயக் காராகப் பிறந்து, பின்பு பெல்ஜியம் மன்னர் மூன்றாம் லியோபோல்டின் கைக்குப் போன வண்டி. அவர் காலத்துக் கறுப்புப் பெயின்ட்டும் மஞ்சள் கோடும் தேய்ந்து, உரிந்து, அப்படியே அதன்மேல் இருக்கின்றன. புகைப்படத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தத் தேய்வு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. கைபட்ட இடம் வேறு, காற்றுபட்ட இடம் வேறு. ஒரு உடலை இன்னொரு உடல் பயன்படுத்தியதன் வரைபடம். எந்தப் பட்டறையாலும் இதைச் செய்துதர முடியாது. ஆனால் எந்தப் பட்டறையாலும் ஒரே மாலையில் அழித்துவிட முடியும். நான் செய்ததைப் போல.

*

இங்கே நிறுத்தினால் இது 'பழையது உயர்ந்தது' என்னும் வழக்கமான ஏக்கக் கட்டுரையாகிவிடும். அந்தப் பக்கத்திலும் பொய் இருக்கிறது. தேய்மானத்துக்கு விலை வந்த நாளிலிருந்து தேய்மானத்தைப் போலி செய்பவர்களும் வந்துவிட்டார்கள். புதுப் பெயின்ட்டை வேண்டுமென்றே உரித்து, துருநிறம் பூசி, 'பட்டினா' என்று விற்கிறார்கள். புகாட்டியின் கிழிசலை வணங்கும் கூட்டம் பக்கத்து வீட்டுக்காரரின் துருப்பிடித்த ஓப்பலை வணங்காது. மன்னரின் கீறல் வரலாறு, மாதச்சம்பளக்காரனின் கீறல் அழுக்கு. அதோடு, சும்மா விட்டுவிடுவது பேணுதலாகாது. பறவை எச்சத்தை வெயிலில் விட்டால் அது கிளியர் கோட்டை அரிக்கும். குளிர்காலச் சாலையில் இங்கே கொட்டும் உப்பு அடித்தகட்டைத் தின்னும். இதெல்லாம் யாருடைய நினைவும் இல்லை, வெறும் வேதியியல்.

இந்தக் கட்டுரையின் கருத்தைச் சொன்னபோது என் நண்பன் சொன்னதையும் எழுத வேண்டும். "நீ எழுத்தாளன், உனக்குக் கீறல்ல கதை தெரியுது. எனக்கு வாரம் முழுக்க ஜிராதான்டா. அஞ்சு நாள் என்ன செஞ்சேன்னு கேட்டா காட்ட ஒண்ணுமில்ல. சனிக்கிழமை ஒரு பானெட்ட பாலிஷ் போட்டா, போட்டது கண்ணுக்குத் தெரியுது. அதையும் தப்புங்கறியா?"

தப்பில்லை. அவனுடைய சனிக்கிழமையில் இருக்கும் கவனம், பொறுமை, விளக்கை ஏழு கோணத்தில் பிடித்துப் பார்க்கும் அந்த நேர்மை, இவை எந்தக் கைவினைஞனுக்கும் உரியவை. என் விமர்சனம் அவன் கையின்மேல் இல்லை. அந்தக் கைக்கு விற்கப்படும் கணக்கின்மேல். இந்தத் தொழில் இரண்டு வெவ்வேறு செயல்களை ஒரே பொட்டலமாகக் கட்டி விற்கிறது: மெருகு, காப்பு. 'முதல்ல கரெக்‌ஷன், அப்புறம்தான் கோட்டிங்.' புது வண்டிக்கும் அதே பேக்கேஜ். இரண்டும் ஒன்றையொன்று தொடரும் இயல்பான படிகள்போலக் கேட்கிறது. உண்மையில் ஒன்றுக்கொன்று நேர்எதிரானவை. மெருகு எடுக்கிறது, காப்பு மேலே அமர்கிறது. மெருகு திரும்பாது, காப்பு தானே போய்விடும்.

தமிழில் இந்த வேறுபாடு பழையது. சந்தனக்காப்பு, எண்ணெய்க்காப்பு என்கிறோம். திருவரங்கத்தில் மூலவர் சுதையால் ஆனவர் என்பதால் அவருக்கு நீராட்டு இல்லை. வருடத்துக்கு இருமுறை தைலக்காப்பு. காப்பு என்றால் போட்டுக் களைவதற்கென்றே போடும் அடுக்கு. தான் அழிந்து, அடியில் இருப்பதை அழியாமல் வைப்பது. உள்ளே இருப்பதை அது திருத்துவதில்லை.

கார் உலகிலும் அப்படியான பொருள்கள் இருக்கின்றன. பழைய கார்னுபா மெழுகு ஒன்று. பிரேசிலின் வடகிழக்கில் வறண்ட நிலத்துப் பனை ஒன்று, வெயிலில் தன் ஈரம் போகாமலிருக்க ஓலைமேல் சுரப்பது. ஓலையை உலர்த்தித் தட்டி எடுக்கிறார்கள். மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் மினுக்கம் தருவதும் அதே மெழுகு. காரில் சில வாரம் அல்லது சில மாதம் நிற்கும், பிறகு மழையோடு போய்விடும். பெயின்ட்டிலிருந்து எதையும் எடுத்துக்கொண்டு போகாது. புதிய பொருளில் என்றால் பிபிஎஃப் என்னும் பாலியூரிதேன் படலம். 150 முதல் 200 மைக்ரான். காக்கப்படும் பெயின்ட் மொத்தத்தையும்விடத் தடிமனான காவல் என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பாதுகாப்பு வளையத்துக்குள் ஒல்லியான அமைச்சர் நடப்பதைப் போல. ஆனாலும் அது நேர்மையான பொருள். கல்லடியைத் தான் வாங்கிக்கொண்டு, உரித்தால் வந்துவிடும். இரண்டு வாளியில் கழுவுவதும் காப்புதான். ஒன்றில் சோப்பு நீர், இன்னொன்றில் துணியின் மண்ணை அலச. பெரும்பாலான கீறல்கள் ஓட்டுவதால் வருவதில்லை, கழுவுவதால் வருகின்றன. அதைத் தடுத்தாலே மெருகின் தேவை பாதி போய்விடும். இதில் விற்பதற்கு ஒன்றுமில்லை என்பதால் யாரும் உரக்கச் சொல்வதில்லை.

*

போன மாதம் அந்தப் பழைய குறிப்பை மொபைலில் தேடி எடுத்தேன். பதினோரு வரிகள். 'இடது கதவு மேல், மங்கல், 8 செ.மீ.' 'டிக்கி பூட்டு, அரைவட்டக் கீறல்.' 'பானெட் முன், கல்.' 'வலது பின்சக்கர வளைவு, கோடு, 5 செ.மீ.' ஒவ்வொன்றின் முன்னும் டிக் அடித்திருக்கிறேன். இடமும் அளவும் எழுதிய நான் கதையை எழுதவில்லை. மூன்று மட்டும் நினைவிருக்கிறது, அவற்றைத்தான் முதலில் சொன்னேன். வலது பின்சக்கர வளைவில் இருந்த கோட்டைக் காட்டியபோது அவர் சிரித்தார், தன் மனைவியின் பெயரைச் சொன்னார், நீளமாக ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. அந்தக் கோடு இருந்திருந்தால் என்றைக்காவது அவரைப் பார்த்துக் கேட்டிருக்கலாம். இப்போது எந்த இடத்தைக் காட்டிக் கேட்பது?

அதன்பிறகு காரில் இயந்திரம் வைக்கவில்லை. இரண்டு வாளித் தண்ணீர், வசந்தத்தில் ஒருமுறையும் குளிருக்கு முன் ஒருமுறையும் கையால் மெழுகு, அவ்வளவுதான். கதவின் மேல்விளிம்பில் என் முழங்கையை வைத்து ஓட்டுகிறேன். மூன்று வருடத்தில் அங்கே எதுவும் தெரியவில்லை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்றாலும் எறும்புக்கும் காலம் வேண்டும்.

முகப்பு விளக்கு மூடியில் நான் தேய்த்துவிட்ட அந்தச் சாம்பல் நிறப் புள்ளியை நண்பன் ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டு, "டச்-அப் வெச்சுக் குடுக்கறேன்டா, அஞ்சு நிமிஷ வேலை" என்பான். வேண்டாம் என்றிருக்கிறேன். துரு ஏறாமல் இருக்க அதன்மேல் கொஞ்சம் அதிகமாக மெழுகு வைக்கிறேன். நாளைக்கு யாராவது இந்தக் காரை வாங்க வந்தால், சாவியைக் கொடுப்பதற்கு முன் சுற்றி நடந்து காட்ட என்னிடம் இப்போதைக்கு அந்த ஒரு இடம்தான் இருக்கிறது.